கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்: அமெரிக்கச் சட்டம் புதுச்சேரியில் கணக்கு எழுதுகிறவரைத் தொடுமா?

கேட்பவர்: பெண்ணையாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஒரு டீலர் அலுவலகத்தில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எலும்பு முறிவுக்கு வைக்கும் தட்டு, திருகு, செயற்கை மூட்டு, இவைதான் எங்கள் சரக்கு. தயாரிக்கிற கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தையில் பதிவான ஒன்று. கம்பெனியின் பெயரோ, சரக்குப் போகும் மருத்துவமனைகளின் பெயரோ இங்கே வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை முதலாளி என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைப்பார். பெயர் எதுவும் இருக்காது. "பெரியவர் 40, சின்னவர் 15" என்று மட்டும் எழுதியிருக்கும். கணக்கு ஆயிரங்களில். அந்தத் தொகையை நான் "மருத்துவர் பயிற்சி முகாம் செலவு" என்று வவுச்சர் போட்டு டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். இரண்டு நாளில் அதே தொகைக்கு ஒரு ஹோட்டல் பில் வந்துவிடும். பெரியவர் ஓர் அரசு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை நிபுணர், சின்னவர் அங்கே கொள்முதல் பிரிவில் இருப்பவர் என்பதை, பணம் வைத்த உறையை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்தான் ஒருநாள் சொன்னான்.

முதல் இரண்டு வருடம் நான் எதையும் யோசிக்கவில்லை. முகாம் நடந்திருக்கும், செலவும் ஆகியிருக்கும் என்று நம்பினேன். பிறகு தெரிந்தது, தெரிந்தும் எழுதினேன். அதை மறைக்கப் போவதில்லை.

என்னை உலுக்கியது ஒரே ஒரு பில். தேதி 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. 42 மருத்துவர்களுக்கு மதிய உணவு, அரங்கு வாடகை, ஒலிபெருக்கி வாடகை. முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்திருந்தது. அந்த ஞாயிறன்று புதுச்சேரித் தெருக்களில் ராணுவம் படகில் போய் மக்களை மீட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மின்சாரமும் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று பயந்துகொண்டு வீட்டில் இருந்தேன். அந்த நாளில் 42 மருத்துவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு அதையும் ஏற்றிவிட்டேன்.

இப்போது கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. "எங்கள் கணக்குகள் அனைத்தும் உண்மையானவை. அரசு ஊழியர் எவருக்கும் பணமோ பொருளோ தரப்படவில்லை" என்று டீலர் உறுதி கூற வேண்டும். கணக்குப் பொறுப்பாளர் கையெழுத்துக்குத் தனியாக ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். "சும்மா ஒரு காகிதம்தானே, போடு" என்கிறார் முதலாளி. மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டும்.

சம்பளம் 17,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் எனக்கு என்ன ஆகும்? அமெரிக்கச் சட்டம் இவ்வளவு தூரம் வருமா? போடாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கடலோரப் பயணி

அக்கா, நான் ஒரு மருந்துக் கம்பெனியில் ஐந்து வருடம் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலையில் சொல்கிறேன். உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் அப்படித்தான் வந்தேன். மாட்டிக்கொண்டால் முதலாளி தப்பித்துவிடுவார், சிறியவர்கள்தான் சிக்குவார்கள்.

பதில்: வில்லியனூர் பழைய கணக்கர்

அம்மா, 36 வருடம் பேரேட்டோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் கடைசி 11 வருடம் மருத்துவக் கருவி வியாபாரத்தில். நீங்கள் கேட்டது சட்டக் கேள்விபோலத் தெரிந்தாலும் அடிப்படையில் அது கணக்குக் கேள்விதான். அதனால் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கேட்கும் அமெரிக்கச் சட்டம் 1977இல் வந்தது. வெளிநாட்டு ஊழல் நடைமுறைகள் சட்டம் என்று சொல்லலாம். அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழல் விசாரணை நடந்தபோது, பெரிய கம்பெனிகள் கணக்கில் வராத பணமூட்டை வைத்திருப்பது வெளியே வந்தது. தோண்டத் தோண்ட 400க்கு மேற்பட்ட கம்பெனிகள் தாங்களாகவே ஒப்புக்கொண்டன. வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் கொடுத்தது 30 கோடி டாலருக்கு மேல். அதனால்தான் அந்தச் சட்டத்துக்கு இரண்டு கைகள் வைத்தார்கள். ஒரு கை லஞ்சத்தைப் பிடிக்கும். மற்றக் கை பொய்க் கணக்கைப் பிடிக்கும். லஞ்சம் போய்ச் சேர்ந்த கையை நிரூபிக்க முடியாமல் போனாலும், "பயிற்சி முகாம்" என்று எழுதிய வவுச்சர் பொய் என்று காட்டிவிட்டால் அந்த இரண்டாவது கைக்குப் போதும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பதிவான கம்பெனி, தன் உலகம் முழுவதுமுள்ள துணை நிறுவனங்களின் கணக்குக்கும் பொறுப்பு. அரசு மருத்துவமனை மருத்துவரை அந்தச் சட்டம் வெளிநாட்டு அரசு அதிகாரியாகவே எடுத்துக்கொள்கிறது.

உங்கள் துண்டுச் சீட்டைப் படித்தபோது எனக்கு மெக்சிகோ வழக்குதான் நினைவுக்கு வந்தது. ஆர்த்தோஃபிக்ஸ் என்ற கம்பெனி. இதுவும் எலும்புச் சரக்குதான். அதன் மெக்சிகோத் துணை நிறுவனம் அரசு மருத்துவமனை அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்தது. அவர்களுக்குள் அதன் பெயர் "சாக்லேட்". முதலில் ஊழியருக்குக் கொடுத்த முன்பணம் என்று எழுதினார்கள். சாப்பாட்டு பில், கார் டயர் பில் என்று ரசீது தயாரித்தார்கள். தொகை பெருத்து அது போதாமல் போனபோது விளம்பரச் செலவு, பயிற்சிச் செலவு என்று மாற்றினார்கள். பயிற்சிச் செலவு, அம்மா. அதே சொல். 2012இல் கம்பெனி 74 லட்சம் டாலர் கட்டியது. 2017இல் பிரேசில் விவகாரத்துக்காக அதே கம்பெனி மறுபடியும் கட்டியது.

இந்தத் துறையில் இது ஒன்றிரண்டு பேர் செய்த தவறு இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2011இல் 7 கோடி டாலர் கட்டியது. கிரீஸில் எலும்பு மருத்துவர்களுக்கும், போலந்து, ருமேனியாவில் மருத்துவர்களுக்கும் கொடுத்ததற்காக. அடுத்த ஆண்டே ஸ்மித் அண்ட் நெஃப்யூ, பயோமெட் என்ற எலும்புக் கருவிக் கம்பெனிகளும் கட்டின. பயோமெட்டின் கதை உங்களுக்கு மிகவும் வேண்டியது. பிரேசிலில் இருந்த ஒரு விநியோகஸ்தர் லஞ்சம் கொடுத்தவர் என்று தெரிந்த பிறகும் அவர் வழியாகவே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். 2017 ஜனவரியில், ஸிம்மர் என்ற கம்பெனி அதை வாங்கி ஸிம்மர் பயோமெட் ஆன பிறகு, மறுபடியும் 3 கோடி டாலருக்கு மேல். டயாலிசிஸ் கருவி விற்கிற ஃப்ரெசீனியஸ் 2019இல் கட்டியது 23 கோடியே 10 லட்சம் டாலர்.

"நாங்கள் கொடுக்கவில்லை, டீலர்தான் கொடுத்தார்" என்ற வாதம் அங்கே செல்லவில்லை. அதனால்தான் உங்கள் மேசைக்கு அந்தப் படிவம் வந்திருக்கிறது. நாளை விசாரணை வந்தால் கம்பெனி எடுத்துக் காட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்: "நாங்கள் கேட்டோம், கணக்குப் பொறுப்பாளர் உண்மை என்று எழுதிக் கொடுத்தார்." உங்கள் முதலாளி சும்மா ஒரு காகிதம் என்கிறாரே, அது அவருக்கும் கம்பெனிக்கும் குடை. மழையில் நிற்கப்போவது நீங்கள்.

இந்தியா தொடர்பாகவும் வழக்குகள் உண்டு. 2017இல் அலீர் என்ற பரிசோதனைக் கருவிக் கம்பெனி. மலேரியா சோதனைக் கருவி விற்ற விவகாரத்தில் இங்கே விநியோகஸ்தர் வழியாக முறையற்ற பணம் போனது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கொலம்பியாவில் கொடுத்தது, வருவாய்க் கணக்குக் குறைகள் எல்லாம் சேர்த்து 1.3 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். 2018இல் ஸ்ட்ரைக்கர் என்ற எலும்புக் கருவிக் கம்பெனி 78 லட்சம் டாலர். அது கணக்கும் உள்கட்டுப்பாடும் பற்றிய வழக்கு. இந்தியாவில் டீலர்கள் தனியார் மருத்துவமனைகளுக்கு விலையை ஏற்றி பில் போட்டார்கள், மருத்துவமனைகள் அந்த ஏற்றிய விலையை நோயாளியிடம் வாங்கின என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் எழுதியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் கம்பெனி பணத்தைக் கட்டியது.

இதைப் படித்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை. காரணம் சொல்கிறேன். 2016இல் என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்தோம். மூட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணம் அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் அதே வகை கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பதினோரு வருடம் அந்த வியாபாரத்தின் கணக்கை எழுதிய எனக்கு, இடைப்பட்ட ஒரு லட்சம் எங்கெங்கே பிரிந்து போயிருக்கும் என்று ஊகிக்க யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. மூட்டின் எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒன்றை மருத்துவமனையில் கொடுத்தார்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் கட்டிய அபராதம் எல்லாம் அந்த நாட்டுக் கருவூலத்துக்குப் போகிறது. கிரீஸ் நோயாளிக்கோ மெக்சிகோ நோயாளிக்கோ நம் ஊர் நோயாளிக்கோ அதில் ஒரு காசு வந்ததில்லை. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். ஆனாலும் அது மட்டும் இல்லாவிட்டால் உங்கள் மேசைக்கு அந்தப் படிவம்கூட வந்திருக்காது.

கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

பதில்: கடலூர் நீதிமன்றத்தார்

கணக்கர் பெரியவர் சொன்னதோடு ஒரு வழக்கறிஞராக நான் சேர்க்க வேண்டியவை சில. அம்மா, அமெரிக்காவை நினைத்துப் பயப்படுகிறீர்கள். உங்கள் தலைக்கு மேல் முதலில் தொங்குவது நம் நாட்டுச் சட்டம்தான்.

எழுத்தரோ ஊழியரோ ஏமாற்றும் நோக்கத்தோடு முதலாளியின் கணக்கைப் பொய்யாக எழுதினால் ஏழு ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் அது 477ஏ பிரிவு. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 344. முதலாளி சொல்லித்தான் எழுதினேன் என்பது தண்டனையின் அளவைப் பேச உதவலாம், முழுக் காப்பு ஆகாது. அதனால் இதுவரை எழுதியதே ஒரு சுமை. படிவத்தில் கையெழுத்துப் போட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வழியையும் நீங்களே அடைக்கிறீர்கள்.

1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். இப்போது லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் அவருக்கு விலக்கு உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் முதலாளி அந்தக் கணக்கில் வரமாட்டார். வணிக நிறுவனத்தையும் அந்தச் சட்டம் பிடிக்கும். இங்கே வியாபாரம் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனியும் அதில் அடக்கம். ஆனால் தனியார் மருத்துவமனை மருத்துவர் அரசு ஊழியர் அல்லர். அவருக்கு 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள்தான்; 2009இல் அன்பளிப்பு பற்றிய விதியைச் சேர்த்தார்கள். அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற சென்னை மருந்துக் கம்பெனியின் வழக்கில், மருத்துவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, உங்கள் முதலாளி "பயிற்சி முகாம்" என்று எழுதி வரியும் குறைத்திருந்தால் அங்கே இன்னொரு வழக்கு காத்திருக்கிறது.

யாரிடம் சொல்வது என்று கேட்டீர்கள். அந்த மருத்துவர் மத்திய அரசு ஊழியரானால், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு 2004ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் கீழ் மூடிய உறையில் புகார் அனுப்பலாம். பெயர் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அதை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியரானால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், புதுச்சேரி அரசு ஊழியரானால் அங்குள்ள ஊழல் தடுப்புப் போலீஸ். ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு யாரும், எந்த நாட்டிலிருந்தும் இணையம் வழியே தகவல் தரலாம். தண்டம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் தகவல் தந்தவருக்கு 10 முதல் 30 சதவீதம் வரை வெகுமதி உண்டு. பெயர் மறைத்துத் தகவல் தந்து வெகுமதியும் கேட்பதானால் அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவர் வழியாகப் போக வேண்டும். ஆனால் அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். சீமென்ஸ் கம்பெனியின் சீன மருத்துவப் பிரிவில் விதிமுறைக் கண்காணிப்பு அதிகாரியாக இருந்த தைவான்காரர் ஒருவர், மருத்துவக் கருவி விற்பனையில் லஞ்சம் இருக்கிறது என்று மேலிடத்தில் சொல்லி வேலையை இழந்தார். பழிவாங்கலிலிருந்து காக்கும் அமெரிக்கச் சட்டப்பிரிவு அந்த நாட்டுக்கு வெளியே நடந்ததற்குச் செல்லாது என்று 2014இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தகவல் அங்கே போகும். பாதுகாப்பு இங்கே வராது.

இன்னொன்று. 2025 பிப்ரவரி 10 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், கணக்கர் சொன்ன அந்த 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புதிய விசாரணைகளை 180 நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார். ஜூனில் நீதித் துறை புதிய வழிகாட்டு நெறிகளோடு மறுபடி தொடங்கியது. முன்பைவிடக் குறுகிய கவனம். சட்டம் ரத்தாகவில்லை. "அமெரிக்காவிலேயே அதை மூடிவிட்டார்கள்" என்று முதலாளி சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் 2011 ஜூலையிலிருந்து தனியாக நடைமுறையில் இருக்கிறது.

அசல் ஆவணம் எதையும் அலுவலகத்திலிருந்து எடுத்துவராதீர்கள். தேதி, வவுச்சர் எண், தொகை, யார் என்ன சொன்னார் என்பதை வீட்டில் உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இங்கே இதற்கு மேல் எழுத வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், நெய்வேலிச் சாலை

தங்கச்சி, நான் 29 வருடம் அறுவை அரங்கில் இருந்தவள். சட்டம் எனக்குத் தெரியாது. உன் சீட்டில் "40" என்று எழுதுகிறார்களே, அது எங்களிடம் எப்படி வந்து சேரும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்டோரில் தட்டு இருக்கும். ஆனாலும் "அளவு சரியில்லை, வெளியில் வாங்கி வாருங்கள்" என்று நோயாளியின் வீட்டுக்காரரிடம் ஒரு சீட்டுப் போகும். சீட்டில் கடையின் பெயர் இருக்காது, வாய்மொழியாக வரும். கம்பெனி ஆள் பெட்டியோடு ஏற்கெனவே வாசலில் நிற்பார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, முந்திரித் தோப்பில் விழுந்து தொடை எலும்பு உடைந்த மகனுக்காக, காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்து அடகுக் கடைக்கு அனுப்பினாள். அவள் காது வெறுமையாக இருந்ததை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் அன்று வாய் திறக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கடலோரப் பயணித் தம்பி, நீ சொன்னதிலும் அன்பு இருக்கிறது. ஆனால் இவள் விலகினால் நாளைக்கே அந்த நாற்காலியில் இன்னொரு பெண்ணை உட்கார வைத்து அதே படிவத்தை நீட்டுவார்கள்.

கேட்டவர்: பெண்ணையாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம், "டிசம்பர் 1 பில் உண்மையில்லை, ஐயா. அதனால் கணக்கு உண்மை என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்று சொன்னேன். இரண்டே வாக்கியம். முந்தைய இரவு எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் கோபப்படவில்லை. "எந்த டிசம்பர்?" என்று கேட்டார். புயல் நாள் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த பில்லை மட்டும் வேறு தேதிக்கு மாற்றித் தருகிறேன், பிறகு போடலாமா என்றார். முடியாது என்றேன். திங்கட்கிழமை பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

செவிலியர் அக்கா சொன்ன தோட்டை என்னால் மறக்க முடியவில்லை. 2019இல் என் அப்பாவுக்கும் காலில் தட்டு வைத்தார்கள். வெளியில்தான் வாங்கச் சொன்னார்கள். அப்போது நான் இந்த வேலையில் சேர்ந்திருக்கவில்லை.

கணக்கர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஆறு வருடத்துச் சீட்டுகளில் நினைவில் உள்ளவற்றைத் தேதிவாரியாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை 14 வந்திருக்கிறது. தொகை நிச்சயமாகத் தெரியாத இடத்தை வெறுமையாக விடலாமா, உத்தேசமாக எழுத வேண்டுமா?

பதில்: வில்லியனூர் பழைய கணக்கர்

வெறுமையாக விடுங்கள், அம்மா. உத்தேசம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் "தொகை நினைவில்லை" என்று எழுதி, எழுதிய தேதியையும் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் கொடுங்கள். பென்சில் கூடாது, நீல மையில் எழுதுங்கள். அடித்தல் வந்தால் ஒற்றைக் கோடு மட்டும், கீழே உள்ளது தெரிய வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க எந்த நாள் போகிறீர்கள் என்று சொன்னால் நானும் வில்லியனூரிலிருந்து கிளம்பி வருகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான்.